கணுக்காலியின் உகாதி

பூரான் கடித்துத் துடிக்கிறவனிடம் பாடம் நடத்தக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஓசூரில் என் அறையில் இருந்தார்.

கணுக்காலி என்பது நாங்கள் வைத்த பெயர். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். விலங்கியல் படித்துவிட்டு உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பக்கத்து ரூம்காரன் "ஐயோ, மரவட்டை கடிச்சிருச்சு!" என்று அலறியபோது நிதானமாகக் குனிந்து பார்த்தார்.

"தப்பு தம்பி. மரவட்டைக்கு உடம்புல ஒவ்வொரு கண்டத்துக்கும் ரெண்டு ஜோடிக் கால். இதுக்கு ஒரு ஜோடிதான். பூரான்னு மாத்திக் கத்துங்க."

மெஸ்ஸில் இறால் வறுவல் போட்ட அன்று, "இதுவும் கரப்பானும் ஒரே தொகுதி. ரெண்டுக்கும் ஓடு வெளியில, கால் கணுக்கணுவா" என்றார். இலையை மூடிவிட்டு எழுந்தோம். அப்புறம் அவர் மேஜையில் ஒருவரும் உட்காரவில்லை.

எனக்கும் அவருக்கும் ஷிஃப்ட் வேறு. அவர் உள்ளே வரும்போது நான் வெளியே கிளம்புவேன். பாவம், அவர் பேசியதெல்லாம் ஜன்னல் மூலையில் வலை கட்டியிருந்த சிலந்தியிடம்தான். "இன்னைக்கு லைன்ல ஒரே சண்டை" என்று அதனிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். சிரித்தேன்.

உகாதிக்கு முன்னால் வீடு முழுக்க வெள்ளையடிப்பது ஓனரம்மா வழக்கம். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், பிள்ளைகள் பெங்களூரில். பெயிண்டரோடு வந்தவரை வாசலிலேயே மறித்தார் கணுக்காலி.

"ரெண்டு நாள் பொறுங்கம்மா. மூலையில இருக்கற சிலந்தி தோல் உரிக்கிற நேரம். இப்பத் தொட்டா செத்துரும்."

"ஒரு பூச்சிக்காவப்பா பண்டிகையை நிறுத்தறது? ரூமைக் காலி பண்ணு!"

"பூச்சிக்கு ஆறு கால்மா. இதுக்கு எட்டு. பூச்சின்னு சொல்லக் கூடாது."

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார் ஓனரம்மா.

"காலி பண்ணிடுறேன்மா. அந்த மூலையை மட்டும் விட்ருங்க."

சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்து வைத்தார். ஓனரம்மா என்ன நினைத்தாரோ, மூலையை விட்டுவிட்டு அடிக்கச் சொல்லிப் போய்விட்டார். காலி பண்ணும் பேச்சையும் எடுக்கவில்லை.

உகாதியன்று எங்கள் இருவருக்கும் லீவு. சிலந்தி பழைய ஓட்டைக் கழற்றிப்போட்டுவிட்டு ஜன்னல் வழியே போயிருந்தது. எட்டுக் காலோடு வெறும் கூடு வலையில் தொங்கியது. ஒப்பட்டு என்கிற போளித் தட்டோடு வந்த ஓனரம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"அய்யய்யோ, செத்துப்போச்சாப்பா? பெயிண்ட் நாத்தத்துலதான். நான்தான் கொன்னுட்டேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி கட்டிலில் உட்கார்ந்தார். "உனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானே. இனிமே சாயந்திரம் கீழ வந்துடு. நானும் ஒண்டியாத்தான் காப்பி குடிக்கிறேன்."

போச்சுடா, தோலுரிப்பு பற்றி அரைமணி நேர வகுப்பு ஆரம்பம் என்று நான் நினைத்தேன். கணுக்காலி கூட்டைப் பார்த்தார். ஓனரம்மாவைப் பார்த்தார். ஒப்பட்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"கட்டாயம் வரேன்மா" என்றார்.

எனக்குத் தெரிந்து அவர் திருத்தாமல் விட்ட ஒரே தப்பு அதுதான். அதற்காகவே அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.