மஞ்சள் டேப் இல்லாத நாற்காலி

பதினான்காவது காட்சியில் நாற்காலி ஜன்னலுக்கு இடப்பக்கம் இருந்ததாக நோட்டில் எழுதியிருந்தது. மானிட்டரில் அது வலப்பக்கம் இருந்தது.

அவள் நோட்டைப் பார்த்தாள். மானிட்டரைப் பார்த்தாள். தன் இடக்கை எது என்று ஒரு முறை உறுதிசெய்துகொண்டாள். அதற்குப் பிறகும் நாற்காலி வலப்பக்கமே இருந்தது.

படப்பிடிப்புக் குழுவில் எல்லாரும் அவளை 'நோட்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு ஷாட்டில் எந்தப் பொருள் எங்கே இருந்ததோ, அடுத்த ஷாட்டிலும் அது அங்கேயே இருக்கிறதா என்று பார்த்து எழுதிவைப்பது அவள் வேலை. "இந்தப் படத்துல இருக்கற ஒரே நோட்டு நீதாம்மா" என்று லைட்மேன் தினமும் ஒரு முறை சொல்லுவார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தும் முடித்துவிடுவார்.

எடுத்துக்கொண்டிருந்தது பேய்ப்படம். ஒரு வீடு, ஒன்பது நாள், ஒரு பேய். இரவில் சத்தம் கூடாது என்று வீட்டுக்கார அம்மா சொல்லிவிட்டதால், பட்டப்பகலில் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி உள்ளே நள்ளிரவை உண்டாக்கியிருந்தார்கள். பேயாக நடித்தவர் இயக்குநரின் மச்சான். இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க். ஆள் ஆறடி இரண்டு அங்குலம். நடிப்புக்கு அவரிடம் இருந்த தகுதி அவ்வளவுதான். முகமெல்லாம் பவுடர் பூசி, இடுப்பு வரை தொங்கும் விக்கை மாட்டிக்கொண்டு, ஷாட்டுக்கு ஷாட் தும்முவார்.

முதல் நாளே அவள் ஒரு தவறு செய்திருந்தாள். கதாநாயகியின் கைக்கடிகாரம் ஒரு ஷாட்டில் இடக்கையிலும் அடுத்த ஷாட்டில் வலக்கையிலும் இருந்தது. அரை நாள் வேலை வீண். இயக்குநர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"நீ நல்ல பொண்ணுதாம்மா. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, கெளம்பிடு."

வீட்டில் அப்பாவின் கெடுவும் அதேதான். "ஒரு படம். ஒழுங்கா முடிச்சா இதையே பாரு. இல்லேன்னா பேசாம பெரியப்பா டைல்ஸ் கடைல போய் உக்காரு." பெரியப்பா கெட்டிக்காரர். அவள் உட்காரப்போகிற இடத்துக்கு மேலே இப்போதே ஒரு ஃபேனை மாட்டிவிட்டார்.

ஆகவே நாற்காலி வலப்பக்கம் இருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. செட் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் செட் அண்ணனிடம் மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, அந்தக் கைப்பிடி உடைஞ்ச நாற்காலியை நகர்த்தினீங்களா?"

"நான் ஏம்மா நகர்த்தறேன்? அது நம்மளுதே இல்ல." செட் அண்ணன் நாற்காலியைக் குப்புறக் கவிழ்த்துக் காட்டினார். "நம்ம சாமான்னா அடியில மஞ்சள் டேப் ஒட்டியிருப்பேன். இதுல இருக்கா? இல்லல்ல? அப்ப வீட்டுக்காரம்மாவோடது. கீறல் விழாம பாத்துக்க. அந்தம்மா சும்மாவே எரிஞ்சு விழும்."

மஞ்சள் டேப் முறையில் செட் அண்ணனுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. பதினோரு படங்களில் ஒரு ஸ்பூன்கூட மாறிப்போனதில்லை.

தவறு தன் நோட்டில்தான் இருக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். எந்தத் தவறுக்கும் அவள் முதலில் சந்தேகப்படுவது தன்னைத்தான். 'இடம்' என்பதை அடித்து 'வலம்' என்று எழுதினாள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நாற்காலி இடப்பக்கம் இருந்தது. எழுதியதற்கு ஏற்ப அவளே அதைத் தூக்கி வலப்பக்கம் வைத்தாள். அவள் கைப்பட நகர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் அது சுவரோரம் இருந்தது.

யாரோ வேலை மெனக்கெட்டு விளையாடுகிறார்கள் என்று நினைத்து, நான்கு கால்களைச் சுற்றியும் சாக்பீஸால் வட்டம் போட்டாள். தேநீர் இடைவேளைக்குப் பிறகு வட்டங்கள் அப்படியே இருந்தன. நாற்காலி அவற்றிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது. புதிதாக நான்கு வட்டம் போட்டாள். சாயங்காலத்துக்குள் பதினாறு வட்டங்கள் ஆகிவிட்டன.

கேமராமேன் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தார். "என்னம்மா இது, பேய் நொண்டி விளையாடப் போகுதா?"

அவசர அவசரமாக ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்த ஈரத்தில் கதாநாயகி வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். நாற்காலியை ஓரமாக இழுத்துவிடப் போனபோது மாடிப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏய் பொண்ணே! அந்த நாற்காலியை இழுக்காத. தரையில கோடு விழுது."

வீட்டுக்கார அம்மா. மேலே ஒற்றை அறையில் தனியாக இருப்பவர். தரைக்கு ஒன்றென்றால் அவருக்குத் தூக்கத்திலும் கேட்டுவிடும்.

"நான்தான் சொன்னேன்ல?" என்று செட் அண்ணன் கிசுகிசுத்தார். "சாமான்னா அந்தம்மாவுக்கு உசிரு."

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு ஒரு பேய்ப்படம் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் படங்கள்தான் அம்மாவுக்குப் பிடிக்கும். பெரிய நடிகர் வந்துவிட்டால் அணைத்துவிடுவாள்.

"இதுல அப்படி என்னம்மா இருக்கு? பேயோட விக்குல ரப்பர் தெரியுது."

"தெரியுதே."

"தெரிஞ்சுமா பயப்படற?"

"பேயைப் பாத்து யாருடி பயந்தா? அது பாவம், வேர்த்து விறுவிறுத்து நிக்குது." அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள். "பெரிய படத்துல பேய் அரண்மனைல இருக்கும். நமக்கும் அரண்மனைக்கும் என்ன? இதுல நம்ம வீடு மாதிரியே ஒரு வீடு. அதே சுவிட்சு, அதே கதவு, அதே பிளாஸ்டிக் பக்கெட்டு. படம் முடிஞ்சு நான் குளியலறைக்குப் போறேன்னு வையி, அங்க அந்தப் பக்கெட்டு இருக்கும் பாரு. அப்பதான் பயம்."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "பக்கெட்டுக்குப் பயந்தவளைக் கட்டிக்கிட்டு முப்பது வருஷம் ஓட்டிட்டேன்."

"உங்களுக்கே பயப்படல. பக்கெட்டுக்குப் பயந்தா என்ன?"

அவள் சிரிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு, நோட்டில் அதுவரையிலான நாற்காலிக் கணக்கை எழுதினாள். ஒன்பது இடங்கள்.

ஐந்தாம் நாள், நாற்காலியின் பின்காலை ஜன்னல் கம்பியோடு மெல்லிய கயிற்றால் கட்டிப்போட்டாள். கறுப்புக் கயிறு, இருட்டில் தெரியாது. கேமராவுக்குத் தெரியவில்லை. பேய்க்கும் தெரியவில்லை. கதாநாயகியைப் பிடிக்க இரண்டு கைகளையும் நீட்டியபடி வந்த மச்சான் கயிறு தடுக்கி, விக் ஒரு பக்கம் பறக்க, தொப்பென்று அந்த நாற்காலியிலேயே விழுந்தார். விழுந்த வேகத்தில் துள்ளி எழுந்தார்.

"கட்! என்ன மச்சான்?"

"மாமா, யாரோ இதுல உக்காந்திருந்திருக்காங்க."

"என்ன?"

"சூடா இருக்கு மாமா. இப்பதான் யாரோ எழுந்து போன மாதிரி."

இயக்குநர் லைட்மேனைப் பார்த்தார்.

"என்னை ஏன் சார் பாக்கறீங்க? காலைலேர்ந்து ஏணி மேல நிக்கறேன். உக்காரக் குடுத்து வெக்கணுமே!"

யாரும் உட்காரவில்லை என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். மச்சானுக்குக் காய்ச்சல் வரப்போகிறது, அதுதான் உடம்பு சுடுகிறது என்று தீர்மானமாயிற்று. அவருக்கு மாத்திரை கொடுத்தார்கள். அவள் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் கைப்பையில் ஒளித்தாள். அதற்கு மேல் நாற்காலியோடு மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை. தூக்கிப் பின்கட்டில் வைத்துவிடலாம் என்றால், முந்தைய ஷாட்டில் இருந்த நாற்காலி எங்கே போயிற்று என்று கேள்வி வரும். ஒன்பதாம் நாள் படப்பிடிப்பு முடிந்தபோது, நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருபத்து மூன்று இடங்களை வரிசையாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாள். மேலே ஒரே ஒரு தலைப்பு: என் தவறுகள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டியூஷன் சென்டர் ஒன்றின் மாடி அறையில் திரை கட்டிப் படத்தைப் போட்டுக்காட்டினார்கள். முப்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் மச்சானின் ஆபீஸ் நண்பர்கள். வீட்டுக்கார அம்மாவும் வந்து, கால் தரையில் உரசாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். அப்பா கடைசி வரிசையில் கைகட்டி அமர்ந்தார். அம்மா மகளுக்குப் பக்கத்தில். மகளின் மடியில் நோட்டு. படம் முடிந்ததும் இயக்குநர் கையில் கொடுத்துவிட்டு, நேரே டைல்ஸ் கடைக்குப் போய்விடுவதாக அவள் முடிவு செய்திருந்தாள்.

பேய் முதல் முறை வந்தபோது அறையே குலுங்கிச் சிரித்தது. "யோவ், லீவு லெட்டர் குடுத்தியா?" என்று ஆபீஸ் நண்பர் ஒருவர் திரையைப் பார்த்துக் கேட்டார். மச்சான் நாற்காலியில் இன்னும் கீழே சரிந்தார். விக்கில் ரப்பர் பளிச்சென்று தெரிந்தது.

பதினான்காவது காட்சி வந்தது. கதாநாயகி ஜன்னலைக் கடந்து நடந்தாள். திரும்பி நடந்தாள்.

"அந்த நாற்காலி," என்றாள் முன்வரிசையில் ஒரு பெண், "முன்ன அந்தப் பக்கம்தானே இருந்துச்சு?"

அடுத்த காட்சியில் அது சுவரோரம் இருந்தது. அதற்கடுத்ததில் கதாநாயகியின் முதுகுக்குப் பின்னால், இன்னும் கொஞ்சம் கிட்டத்தில். கதாநாயகி அதைக் கவனிக்கவே இல்லை. யாரும் கவனிக்கச் சொல்லவும் இல்லை. அவள் பாட்டுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். மச்சான் விக்கோடு மறுபடி வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லார் கண்ணும் அவரைத் தாண்டி நாற்காலியைத் தேடிக்கொண்டிருந்தது. அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் ரத்தம் ஓடவில்லை.

"பக்கெட்டுடி," என்றாள் அம்மா, நடுங்கிய குரலில், மகா திருப்தியாக. "அதே பக்கெட்டு."

விளக்குப் போட்டதும் கைதட்டல். "பேய் வர்றது சும்மா கண்துடைப்பு. அசல் பேய் நாற்காலி! எப்படி சார் யோசிச்சீங்க?" என்று ஆபீஸ் நண்பர் இயக்குநரின் கையைக் குலுக்கினார். இயக்குநர் குலுக்கிய கையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எதுவும் விளங்காதவராக, நேரே அவளிடம் வந்தார்.

"நாற்காலி உன் வேலையா?"

அவள் நோட்டை நீட்டினாள். "தப்பு நடந்துபோச்சு சார். இருபத்து மூணு இடம். ஆனா நான் நகர்த்தினது ஒரு தடவைதான். மத்தது யாருன்னு எவ்வளவோ பாத்துட்டேன், தெரியல."

இயக்குநர் கடைசிப் பக்கத்தை வாசித்தார். 'என் தவறுகள்' என்ற தலைப்பில் அவர் விரல் சற்று நேரம் நின்றது. பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் தலைப்பை அடித்துவிட்டு, நோட்டை அவளிடமே கொடுத்தார்.

"யாரா இருந்தா என்ன? அடுத்த படத்துக்கும் நீதான் வர்ற."

பின்வரிசையில் அப்பா தொண்டையைக் கனைத்தார். "பெரியப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். ஃபேனைக் கழட்டி வேற எங்கயாவது மாட்டிக்கட்டும்."

"செட்டு!" என்று இயக்குநர் குரல் கொடுத்தார். "அடுத்த படத்துக்கும் அதே நாற்காலி வேணும். அந்தம்மாகிட்ட பக்குவமா கேளு."

செட் அண்ணன் வீட்டுக்கார அம்மாவிடம் போய், முடிந்த மட்டும் குனிந்து நின்றார். "அம்மா, உங்க நாற்காலியை எங்களுக்கு ஒரு மாசம் குடுத்து உதவணும். கீறல்கூட விழாம திருப்பித் தந்துடுவோம்."

வீட்டுக்கார அம்மா கைப்பையை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்னோடதா? உங்களோடதுன்னுதானே நான் ரெண்டு வாரமா தினம் காலைல அதைத் தூக்கிக் கேட்டுக்கு வெளிய வெக்கிறேன், தினம் சாயங்காலம் யாருப்பா அதைக் கொண்டாந்து என் கட்டில்கிட்ட போடறது?"