ஊறாத கூரை

"நனைஞ்ச மரம் சட்டுன்னு பத்திக்காது..." என்று எங்கள் தீயணைப்புத் தலைவர் மெர்ல் ஹாகன் தம் பணி ஓய்வு விருந்தில் சொன்னது கெட்டில் க்ரீக் ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கப்புறமும் ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்து மீன் வெந்துவிட்டது. தட்டோடு எழுந்துவிட்டோம்.

மீன் என்றால் சால்மன். தேவதாருப் பலகையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அதன்மேல் மீனைக் கிடத்திக் கரியடுப்பில் வைப்போம். பலகை புகையும், மீன் வேகும். அன்று மீனை விட்டுவிட்டுப் பலகையையே கண்கொட்டாமல் பார்த்தவர் ஒருவர்தான்: மாவட்டத் தீத்தடுப்பு அதிகாரி டெரிக் ப்ரூயிட்.

சீக்கிரமே ஆணை வந்தது. "நெருப்பின்மீது நேரடியாக வைக்கப்பட்டும் பலகை எரியாமை கண்ணால் கண்டு உறுதி செய்யப்பட்டதாலும், முன்னாள் தலைவரின் நிபுணர் கருத்து அதற்கு ஆதரவாக இருப்பதாலும்", ஊரில் ஒவ்வொரு வீட்டின் வெளிப்புறமும் காட்டுத்தீக் காலத்துக்கு முன் ஊறியிருக்க வேண்டும். ஊறாத வீடு பூட்டி முத்திரையிடப்படும்.

எதிர்ப்பா? கதவைக் கழற்றிக்கொண்டு பழைய மர ஆலைக் குளத்துக்கு ஓடினோம். வேலி, படிக்கட்டு, அஞ்சல் பெட்டியின் கம்பம், எல்லாம் மிதந்தன. வார இறுதிக்கு சியாட்டிலிலிருந்து வருகிறவர்கள் பார்த்துச் சொக்கிப்போனார்கள். ஊறிய நாற்காலிக்கு மவுசு வந்தது. கால்சட்டையின் பின்பக்கம் ஈரமாக இருந்தால் பொறுப்புள்ள குடிமகன். உலர்ந்திருந்தால் ஊர்க் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார ஆள் கிடையாது. தேவாலய இருக்கைகளை ஊறவைக்கத் தாமதமானதற்குப் பாதிரியார் பிரசங்கத்திலேயே மன்னிப்புக் கேட்டார்.

சிக்கல் மெர்ல் வீட்டில்தான் வந்தது. காலமெல்லாம் தீயோடு மல்லுக்கட்டிய மனிதர், வசந்த காலத்திலேயே பழைய மர ஓடுகளைப் பிரித்தெறிந்துவிட்டுத் தகரக் கூரை போட்டிருந்தார். ப்ரூயிட் ஏணியில் ஏறி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். அது அப்படியே வழிந்து போனது.

"ஊறலையே, சீஃப்."

"தகரம், தம்பி. எப்படி ஊறும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

"அது எரியாதுப்பா!"

"இருக்கலாம். ஆணை எரியறதப் பத்திப் பேசல, ஊறறதப் பத்திதான் பேசுது. எல்லாம் நீங்க சொன்னதுதானே?"

"நான் சொன்னத முழுசா கேட்டியா? காயற வரைக்கும்தான்னும் சேத்துச் சொன்னேன்!"

"அப்போ நான் தட்டுல மீன் வாங்கப் போயிருந்தேன், சீஃப்."

மாதக் கடைசிக்குள் கூரை ஊறாவிட்டால் வீட்டுக்குப் பூட்டு என்று சிவப்புத் தாளைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். மெர்லின் மனைவி வெர்னா இடுப்பு அறுவை முடிந்து அப்போதுதான் வீடு வந்திருந்தார்.

"பூட்டிட்டா எங்க போறது? உன் தங்கச்சி வீட்டுக்கா?" என்றார் வெர்னா. "அதுக்கு நான் காட்டுத்தீயிலயே இருந்துக்கறேன்."

மெர்ல் ஊரறியப் பரிசோதனை கேட்டார். ப்ரூயிட் தடை சொல்லவில்லை. ஒரே நிபந்தனை: பரிசோதனை முதல் தடவை நடந்தபடியே நடக்க வேண்டும். அதாவது, மீனோடு.

சனிக்கிழமை மெர்ல் வீட்டு முற்றத்தில் அவரவர் ஊறிய நாற்காலியோடு ஊரே கூடியது. பலகையில் ஆவி கிளம்பிற்று, அப்புறம் புகை. மீன் வெந்தது. தட்டோடு எழுந்தோம்.

"உக்காருங்க!" என்றார் மெர்ல். "மீன் வெந்ததும் காட்டுத்தீ கையக் கழுவிட்டுப் போயிடுமா?"

உட்கார்ந்தோம். பலகையின் ஓரம் காய்ந்தது, கறுத்தது, சுருண்டது. பிறகு குப்பென்று பிடித்துக்கொண்டது. பலகையோடு மீனும் போயிற்று. நல்ல மீன்.

ப்ரூயிட் சாம்பலை ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தார். "மீனில் எண்ணெய்ப் பசை உள்ளது. ஆகவே எரிந்தது மீன். பலகை உடனிருந்தது, அவ்வளவே. இன்று முதல் ஊர் எல்லைக்குள் சால்மன் தடை செய்யப்படுகிறது."

மெர்ல் எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தீங்கல்ல? சொல்லுங்களேன்."

பார்த்தோம்தான். ஆனால் பலகை எரிந்தது என்று ஒப்புக்கொண்டால், கோடை முழுக்க ஈரக் கால்சட்டையோடு திரிந்ததற்கு என்ன சொல்வது?

"மீன்தான்," என்றது ஒரு குரல்.

"ஆமாமா. எனக்கு அப்பவே வாடை அடிச்சுது."

தடையை ஆதரித்து எல்லாக் கையும் உயர்ந்தது. எழுந்து, பின்பக்கம் சொட்டச் சொட்ட வீடு திரும்பினோம்.

"என்ன ஆச்சு?" என்று ஜன்னலிலிருந்து கேட்டார் வெர்னா.

"மீன் குத்தவாளின்னு தீர்ப்பு."

"நம்ம வீடு?"

"ஊறணுமாம்."

திங்கட்கிழமை மெர்ல் தகரக் கூரையின்மேல் தேவதாரு ஓடுகளை வரிசையாக அடித்து, தோட்டக் குழாயைத் திறந்துவிட்டார்.