நான் முதலை என்று சொன்ன கபரகொய்யா

வாழ்நாள் முழுக்க விலங்கியல் படிப்பித்தவனுக்கு முதலைக்கும் கபரகொய்யா என்கிற பெரிய நீர் உடும்புக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியும். கரும்பலகையில் இரண்டையும் அழகாகக் கீறுவேன். (கரும்பலகை கடிக்காது.)

வெள்ளவத்தையில் எங்கள் வீடு கால்வாய்க் கரையில். போன மழைக்காலத்தில் ஒரு காலை, கண்ணாடி போடாமல் முற்றத்துக்குப் போனேன். குப்பை வாளிக்குப் பக்கத்தில் கறுத்து நீண்ட ஒன்று படுத்திருந்தது. உடனே ஒழுங்கையின் வட்சப் குழுவில் போட்டேன்: "எங்கள் முற்றத்தில் முதலை. பிள்ளைகளை வெளியே விடவேண்டாம்."

அதோடு நின்றிருக்கலாம். ஊரைக் காப்பாற்றும் உற்சாகத்தில் கேற்றைப் பூட்டினேன். அது கால்வாயிலிருந்து வந்த வழியான கான் ஓட்டையையும், எட்ட நின்று தும்புத்தடியால் பலகையைத் தள்ளி அடைத்தேன்.

மனைவி குசினி யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா செய்யிறியள்? அது மீன் தலை தின்ன வாற கபரகொய்யா."

"நீர் உள்ளுக்குப் போம்."

"வழியை விட்டா அது தன்ரபாட்டில போயிடும். ஓட்டையைத் திறவுங்கோ."

கண்ணாடியை எடுத்துப் போட்டேன். பிளவுபட்ட நாக்கு வெளியே வந்து போனது. முதலைக்கு அப்படி நாக்கு இல்லை. "மன்னிக்கவும், கபரகொய்யா" என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். அந்தக் குழுவில் என் பழைய மாணவர்கள் இருந்தார்கள். வெட்கமாக இருந்தது. போடவில்லை.

அதற்குள் பொல்லுகளோடு ஆட்கள் கேற் ஏறிக் குதித்தார்கள். மிரண்ட பிராணி அடைத்த ஓட்டையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் ஓடி வந்தது. நான் சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி விறாந்தையில் இருந்த வாசிங் மெசினில் ஏறினேன். அந்த உயரத்தில் நின்றுதான் உண்மையைச் சொல்லத் துணிவு வந்தது. சொல்லும்போது அடித்து முடித்திருந்தார்கள்.

எதிர்வீட்டு ரஞ்சித் குனிந்து பார்த்தார். "அங்கிள், மே கபரகொயெக் நே," என்றார் சிங்களத்தில். பிறகு எனக்காகத் தமிழில், "இது கபரகொய்யா. நீங்கதானே முதலை எண்டு போட்டது?"

"ஓம்," என்றேன், மெசினில் நின்றபடியே.

இப்போது கொழும்பில் மழை என்று கேள்விப்பட்டாலே மகள் கனடாவிலிருந்து போன் எடுப்பாள். "அப்பா, மெசினில ஏறிட்டீங்களோ?" பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னவன் நான்தான். அதில் கபரகொய்யா கால்வாய்க்குத் தப்பிப் போய்விடுகிறது. மனைவி ஒருநாளும் திருத்தியதில்லை. போனை என் கையில் தந்துவிட்டு எழும்பிப் போய்விடுவாள்.