ஒரே ஆள் கொண்ட கூட்டம்

மாடி வீட்டுக்காரர் மறுபடியும் கணக்கைக் கெடுத்துவிட்டார்.

ஜனங்களுக்கு எந்த சோப்பு பிடிக்கும் என்று வீடு வீடாகக் கேட்டுச் சொல்லும் கம்பெனி அது. வந்த பதில்களைக் கணக்குப் போடுவது ‘சராசரி’யின் வேலை. ஆபீஸ் வைத்த பட்டப்பெயர்தான். அவர் மேஜைப் பக்கம் ஈ, காக்கா கூட வராது. கணக்கு உதைத்தால் மட்டும் ஆபீஸே திரண்டு வந்து நிற்கும். மனுஷருக்கு அப்படி ஒரு ராசி.

அந்த மாடி வீட்டுக்காரர், தனிக்கட்டை, முதல் கேள்விக்கு வாசனை சோப்புதான் உயிர் என்றார். மூன்றாவது கேள்விக்கு வாசனையே ஆகாது என்றார். பதில் முரண்பட்டால் ஆள் அனுப்பி மறுபடி கேட்க வேண்டும் என்பது விதி. ஆள் போகப் போக முரண்பாடும் வளர்ந்தது.

சராசரி கணக்கு மாடலை மாற்றிப் பார்த்தார். மார்க் போடும் மாடலில் எல்லா சோப்பும் ஒரே மார்க் வாங்கின. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மாடலில், விலை ஏற ஏற ஜனங்கள் சந்தோஷப்படுவதாக வந்தது. கடைசியாக, ஒரே ருசிக்காரர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கும் மாடல். மூன்று கூட்டம் வந்தது. மூன்றாவதில் ஒரே ஆள்.

மேனேஜர் துள்ளிக் குதித்தார். “புதையல் சார்! நுரை வராத, வாசனை இல்லாத, விலை ஜாஸ்தியான சோப்பு கேக்கற கூட்டம்! சோப்பு கம்பெனியில தயாரிக்கவே ஆரம்பிச்சிட்டாங்க!”

“சார், அது கூட்டம் இல்ல. ஒரே ஒருத்தர்.”

“அடக் கடவுளே! இதை இப்பவா சொல்வீங்க? நாளைக்குள்ள அந்தாளு ஒழுங்கா பதில் சொல்லணும். இல்லேன்னா நீங்க வேற வேலை தேடிக்கங்க!”

சராசரி தானே கிளம்பினார். பெல்லில் கை வைக்குமுன் கதவு திறந்தது. மாடி வீட்டுக்காரருக்கும் இவர் வயதுதான் இருக்கும், லிஃப்ட் மெக்கானிக்காம். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, இரண்டு டம்ளர் எடுத்து வைத்திருந்தார்.

டீ வந்தது. நடுவழியில் நிற்கும் லிஃப்ட், முதுகுவலி, மேனேஜர் என்று பேச்சு எங்கெங்கோ போனது. தன் பட்டப்பெயரைக்கூடச் சொல்லிவிட்டார் சராசரி. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்படிப் பேசி எவ்வளவு காலமாயிற்று! திரும்பிப் போனால் தன் வீட்டுக் கதவைத் தானேதான் திறக்க வேண்டும் என்று நினைத்தவர், இன்னொரு டம்ளர் டீ கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆனாலும் வேலை போய்விடுமே.

“என் வேலைக்கே உலை வெச்சிட்டீங்க, சார். கோவிச்சுக்காம, ஒரே ஒரு தடவை ஒழுங்கா பதில் சொல்லிடுங்களேன்.”

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.

“போன வருஷம் பற்பசைக்கு ஒழுங்காத்தான் சார் சொன்னேன். அப்புறம் ஒருத்தரும் வரலையே.”