சந்தேக பாயும் குளிரில் எழுந்த சிப்பும்

வேலூரிலிருந்து திருப்பத்தூர் வரை சலித்துப் பார்த்தாலும் சந்தேக பாயைப் போல எதையும் நம்பாத மனிதர் கிடைக்கமாட்டார். கண்டக்டர் 'ஜமுனாமரத்தூர்' என்று கூவினாலும், டிரைவரிடமும் பக்கத்து சீட்டுக்காரரிடமும் கேட்டுவிட்டுத்தான் பஸ்ஸை விட்டு இறங்குவார். வாணியம்பாடியில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தவரைக் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று பிடித்துப் பயிற்சி கொடுத்து, கம்ப்யூட்டர் பழுது பார்க்க ஜமுனாமரத்தூர் மலைக்கு அனுப்பிவைத்தது.

எண்பதுகளின் கடைசி. அந்த மலையில் தேனும் புளியும் கொள்முதல் செய்யும் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். அங்கே வந்த முதல் கம்ப்யூட்டர், மூன்றாம் மாதமே திடீர் திடீரென்று, எந்தச் சாவியைத் தட்டினாலும் அசையாமல் உறைந்துபோக ஆரம்பித்தது. ஒருநாள் காலையில், ஒருநாள் மதியத்தில். ஒரு கணக்கும் கிடையாது. கம்ப்யூட்டர் வந்தால் என் வேலை போய்விடும் என்று நான் டீக்கடையில் புலம்பியது மேனேஜர் காதுக்கு எட்டியிருந்தது. நான்தான் வேண்டுமென்றே கெடுக்கிறேன் என்று மெமோ தயார் செய்தார். வேலையை விட்டே தூக்கும் மெமோ. அதை டைப் அடித்ததும் நான்தான். வேறு ஆள் இல்லை.

பாய் வந்ததும் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். வாட்சைக் கழற்றச் சொன்னார், மோதிரத்தைக் கழற்றச் சொன்னார், காலையில் என்ன சாப்பிட்டேன் என்று விசாரித்தார். அடுத்து மின்விசிறி மேல் சந்தேகம். அதை நிறுத்திவிட்டு எல்லோரும் வியர்த்தோம். பிறகு சுவர்ப்பல்லியின் மேல். கடைசியில் என்னைக் கைகட்டி வாசலில் நிற்கவைத்து, எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ஈ காக்கை இல்லாதபோதே கம்ப்யூட்டர் உறைந்தது.

நான் காலால் எதையோ செய்திருப்பேன் என்றார் மேனேஜர்.

"காலு ரெண்டும் என் கண்ணு முன்னாடிதான் சார் இருக்குது," என்றார் பாய்.

அப்புறம்தான் மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த மின்சுற்று அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அரைமணி நேரம் ஓடவிட்டு, அப்போதும் உறைந்ததும் மறுபடி மாட்டி, நோட்டில் ஒவ்வொன்றின் பெயருக்கு எதிரிலும் 'நிரபராதி' என்று எழுதினார். மிஞ்சியவை மெமரி சிப்புகள். கட்டைவிரலால் வரிசையாக அழுத்திக்கொண்டே போனார். நான்காவது சிப் 'நறுக்'கென்று உள்ளே இறங்கியது. மலையின் காலைக் குளிரிலும் மதிய வெயிலிலும் சுருங்கி விரிந்து, மயிரிழை மயிரிழையாக அது தன் குழியைவிட்டு எழும்பியிருந்தது.

அதற்கப்புறம் இரண்டு நாள் கம்ப்யூட்டர் எதிரிலேயே உட்கார்ந்து முறைத்தார். அது ஒருமுறைகூட உறையவில்லை. என்மேல் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினார்.

ஏறியவர், பஸ் கிளம்பும் நேரத்தில் பையோடு இறங்கி, நேரே மேனேஜர் அறைக்குள் வந்தார்.

"அந்த மெமோவ இன்னா பண்ணீங்க சார்?"

கிழித்தாயிற்று என்றார் மேனேஜர்.

"நம்பிக்கை இல்ல சார். என் முன்னாடி கிழிங்க. கார்பன் காப்பியும் இருக்கும், அதையும் எடுங்க."

மேஜையிலிருந்து இரண்டும் வெளியே வந்தன. கிழித்த துண்டுகளை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் குப்பைக்கூடையில் போட்டார்.

அதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்தது சாயங்காலம்தான். வேலையைப் போட்டுவிட்டு, அதுவரை பஸ் நிறுத்தத்தில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து வர மனசு வரவில்லை.