எண்ணெய் வேண்டாத செயின்

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆடி மாதத்தில் நான் ஒரு மாபெரும் முடிவெடுத்தேன். இனி உயிருள்ளவரை சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடுவதில்லை!

சிரிக்காதீர்கள். என் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. நான் வேட்டி கட்டுகிறவன். அதுவும் வெள்ளை வேட்டி. பல்லடத்திலிருந்து திருப்பூர் போகிற ரோட்டில் ஒரு சலவைப்பட்டறையில் சூப்பர்வைசர். ஊரார் துணியையெல்லாம் வெளுத்துக் கொடுக்கிற இடத்தில் என் வேட்டி அழுக்காக இருந்தால் எவன் மதிப்பான்? ஆனால் அந்தப் பட்டறையின் பிளீச்சிங் ஆவி இருக்கிறதே, அது துணிக்குத்தான் நண்பன், இரும்புக்கு எமன். என் சைக்கிளின் செயின் கவரை அது எப்போதோ தின்று ஏப்பம் விட்டுவிட்டது. அடுத்ததாகச் செயினைத் தின்ன ஆரம்பித்திருந்தது. எண்ணெய் போடாவிட்டால் துரு. போட்டால் வேட்டியில் கறுப்புக் கோடு.

அந்தக் கோட்டைத் துவைத்து எடுக்கிறவள் என் மனைவி ராமாமணி. சீமெண்ணெய் தொட்டுத் தேய்ப்பாள். தேய்க்கும்போது வாயும் சும்மா இருக்காது.

“ஏனுங்க, இது வேட்டிங்களா, ரயில்வே லைனுங்களா?”

“செயின் பட்டுருச்சு புள்ள.”

“எண்ணெயக் கொடங்கொடமா ஊத்துனா படாம என்னுங்க பண்ணும்?”

“எண்ணெ போடுங்க, எண்ணெ போடுங்கன்னு நீதான சொல்றே?”

“போடச் சொன்னனுங்க. ஊத்தச் சொன்னனுங்களா?”

எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஆண்பிள்ளைக்கு இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு?

ஒருநாள் பட்டறைக்குப் போகும்போது, வேட்டிக்குப் பயந்து எண்ணெய் போடாமல் விட்டுத் துருவேறிய செயின் பட்டென்று அறுந்தது. பெடல் காற்றில் சுற்றியது. பின்னால் நூல் மூட்டை ஏற்றிய லாரி. எப்படியோ சைக்கிளோடு மண்ணில் சாய்ந்து தப்பித்தேன். சாயங்காலம் அதை நடித்துக் காட்டினேன். லாரியின் ஹாரனைக்கூட வாயாலேயே அடித்தேன். வழக்கமாக என் நடிப்புக்குச் சிரிக்கிற ராமாமணி அன்றைக்குச் சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். பனியன் கம்பெனிக்கு லேபிள் தைக்கிற வேலை. அவசரமாக இருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாளே அரங்கசாமியின் சைக்கிள் கடைக்குப் போனேன்.

“துரு ஏறாத செயின் ஒண்ணு வேணுமே?”

“நிக்கல் பூச்சு வந்திருக்குதுங்க தனபாலு. அத்தன சீக்கிரம் துரு ஏறாது. ஆனா பாருங்க...”

நான் பார்த்தேன். செயினைத்தான் பார்த்தேன். கல்யாணப் பெண்ணின் வெள்ளிக் கொலுசு போல மின்னியது. ‘ஆனா’வுக்குப் பிறகு அரங்கசாமி சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. மாட்டச் சொன்னேன். ஒரு சொட்டு எண்ணெய்கூட வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வீட்டுக்கு வந்து மணியடித்தேன்.

“ராமாமணி! இனி உன் கைக்கு விடுதலை. இது துரு ஏறாத செயின். எண்ணெயே வேண்டாம்.”

“எண்ணெ வேண்டாத செயின் உலகத்துல எங்கீங்க இருக்குது?”

“இங்க இருக்குது. பந்தயமா?”

“சொல்லுங்க.”

“ஆயுத பூஜை வரைக்கும் ஒரு சொட்டு எண்ணெ போட மாட்டேன். அதுக்குள்ள துரு ஏறுச்சுன்னா, ஆயுசுக்கும் என் வேட்டிய நானே தொவச்சுக்கறேன். ஏறலைன்னா, எண்ணெங்கிற பேச்சே உன் வாயில வரக்கூடாது.”

“சரீங்க” என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஆடிக் காற்று அடித்தது. சாரல் நனைத்தது. பட்டறை ஆவி எப்போதும்போல் புகைந்தது. பட்டறையில் எல்லார் செயினும் செம்மண் நிறத்துக்குப் போக, என் செயின் மட்டும் மின்னியது. சத்தமே இல்லை. வேட்டியில் ஒரு புள்ளியும் இல்லை. நான் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கம் சொன்னேன். “விஞ்ஞானம் எங்கியோ போயிருச்சு” என்றேன். அரங்கசாமியே ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, “அதிசயமா இருக்குதுங்களே” என்றார்.

எங்கள் பட்டறைக்கு வார விடுமுறை சனிக்கிழமை. முதலாளிக்குச் சனீஸ்வரன் மேல் பயம். எனக்கு அன்றைக்கு எண்ணெய்க் குளியல். ராமாமணி உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தட்டு தட்டென்று தட்டுவாள். சீயக்காய் போட்டுக் குளித்து, மிளகு ரசம் சாப்பிட்டுப் படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எழுந்தபோது, அவள் தையல் மிஷின் எண்ணெய் டப்பாவை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, நாளைக்கு வரும்போது மிஷினு எண்ணெ ஒரு டப்பா வாங்கியாங்க.”

“போன மாசம்தான வாங்கினேன்?”

“மிஷினுக்கு வயசாச்சுங்க. கண்டபடி குடிக்குது.”

“எதையும் பராமரிக்கத் தெரியோணும் அம்மணி. என் செயினைப் பாரு!” என்று ஒரு பிரசங்கமே செய்தேன். பாவம், தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாளோ என்று எனக்கே கஷ்டமாகிவிட்டது.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் வந்தது. வெற்றி கைக்கு எட்டிவிட்டது. ஆனால் எனக்கு வெறும் வெற்றி போதவில்லை. செயின் பளபளத்து அவள் கண் கூச வேண்டும். ராமாமணி கொல்லையில் புளியும் கல்லுப்பும் வைத்துக் குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறுத்த பித்தளை தங்கமாகிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே போனதும் மிச்சமிருந்த புளியை அள்ளினேன். செயினின் ஒவ்வொரு கண்ணியையும் பல் விளக்குவதுபோல் தேய்த்தேன். ஒரு குடம் தண்ணீர் விட்டுக் கழுவினேன். ஆகா, என்ன மினுக்கு! ஈரத்தோடு நிறுத்திவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் போய்ப் பார்த்தேன். செயின் முழுக்கத் துரு. பெடலைச் சுற்றினால் ‘கிறீச்’ என்று கத்தியது.

உள்ளே ராமாமணி பொரி கடலையைக் கலந்துகொண்டிருந்தாள். எந்த நிமிஷமும் வெளியே வந்துவிடுவாள். ஆயுசு முழுக்க வேட்டி துவைக்கிற காட்சி கண்ணுக்கு முன்னால் வந்துபோனது. அப்போதுதான் பூஜைத் தட்டு கண்ணில் பட்டது. சந்தனம், குங்குமம்! ஆயுத பூஜையன்று சைக்கிளுக்குப் பொட்டு வைத்தால் யார் கேட்பார்கள்? செயின் முழுவதும் சந்தனம் அப்பி, கண்ணிக்குக் கண்ணி குங்குமம் வைத்தேன். துருவும் சிவப்பு, குங்குமமும் சிவப்பு. எது எது என்று எனக்கே தெரியவில்லை.

ராமாமணி கற்பூரத் தட்டோடு வந்தாள். செயினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி செயினைப் பார்த்தாள்.

“ஏனுங்க, மாரியாத்தாளுக்குக்கூட இத்தன பொட்டு வெக்க மாட்டாங்களே?”

“நமக்குச் சோறு போடற வண்டியாச்சே புள்ள. பக்தி!”

“துரு கிரு...?”

“துருவா? எங்க, காட்டு பாக்கலாம்!”

அவள் சூடம் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “அப்ப நீங்கதானுங்க செயிச்சீங்க. நான் தோத்துப்போட்டேன்” என்றாள். படையலில் என் பங்கு வடையையும் அவளுக்கே எடுத்து வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். கேரியரில் அவள் உட்கார்ந்ததும் எனக்கு வேர்த்தது. தெரு முழுக்கக் கத்தப்போகிறதே! கண்ணை மூடிக்கொண்டு பெடலை மிதித்தேன்.

சத்தமே இல்லை. வெண்ணெயில் ஓடுவதுபோல் ஓடியது. குனிந்து பார்த்தேன். சந்தனமும் இல்லை, குங்குமமும் இல்லை, துருவும் இல்லை.

“ராமாமணி... செயினை என்ன பண்ணுனே?”

“நேத்து நீங்க படுத்ததுக்கப்பறம் கழட்டிச் சீமெண்ணெயில ஊறப்போட்டுத் தேச்சனுங்க. காஞ்சதும் கண்ணிக்கு ஒரு சொட்டு மிஷினு எண்ணெ. அப்பறம் பனியன் வேஸ்ட்டுத் துணியில நல்லாத் தொடச்சுப்போட்டேன். எண்ணெ உள்ளாற இருந்தாப் போதும். வெளிய நிக்கறதுதான் வேட்டியில படறது.”

“உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?”

“ஆடியில இருந்து பண்றனுங்களே. உங்களுக்கு எண்ணெ தேச்சுவிட்ட கையோட அதுக்கும் தேச்சுருவேன். ரெண்டுக்கும் சனிக்கெழமதான்.”

எனக்குப் பெடல் நின்றுவிட்டது.

“அப்பப் பந்தயம்? நீயே எண்ணெ போட்டு நீயே தோத்தியா?”

பின்னாலிருந்து அவள் கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

“பந்தயத்துல தோத்தா என்னுங்க போச்சு? மறுக்காச் செயின் அந்து, பின்னால லாரி வந்தா நான் எங்கீங்க போவேன்?”

என் கண் நிறைந்துவிட்டது. மூன்று மாதமாக நான் பெருமையடித்த விஞ்ஞானம் இதுதான். அந்த ரோட்டில் நான் உயிரோடு போய் வந்தது நிக்கல் பூச்சால் அல்ல, இவளால். இப்படி ஒருத்தி கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ தெரியாது. “நான்தான் புள்ள தோத்தேன்” என்றேன்.

“அதெப்புடீங்க? பேச்சுன்னாப் பேச்சுதான். நீங்கதான் செயிச்சீங்க. இனி எண்ணெங்கிற பேச்சே என் வாயில வராது. வாயில வராதது கைக்கு மட்டும் எதுக்குங்க?”

வெற்றி என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்த வாரமே செயின் முனக ஆரம்பித்தது. ராமாமணி கேட்காதவள்போல லேபிள் தைத்துக்கொண்டிருந்தாள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் எழுந்தேன். மிஷின் எண்ணெய் டப்பாவையும் பனியன் வேஸ்ட்டையும் எடுத்துக்கொண்டு சைக்கிள் பக்கத்தில் குந்தினேன். கண்ணிக்கு ஒரு சொட்டு. என் அம்மணி செய்த மாதிரியே, நன்றியோடு, பக்தியோடு. பாதிச் செயின் முடிந்தபோது டப்பாவின் மூடி கழன்று மொத்த எண்ணெயும் மடியில் கொட்டியது.

இந்த வேட்டியை அவளிடம் எந்த முகத்தோடு போடுவது? துண்டைக் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் கொல்லைக் கல்லில் சீமெண்ணெய் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன்.

கதவு திறந்தது. ராமாமணி ஒரு பக்கெட்டோடு வந்து நின்றாள்.

“ஏனுங்க, பந்தயத்துல செயிச்ச மனுசன் வேட்டி தொவைக்கலாமுங்களா?”

“சும்மா... பொழுது போகல புள்ள.”

பக்கெட்டை என் பக்கத்தில் வைத்தாள்.

“அப்ப என்ற சீலையவும் அலசிப்போட்டுருங்க.”