ஒற்றையடிக்குள் அகப்பட்ட வாத்தியார்

திருவட்டாறு,
வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய மருமகன் பிரதீஷ் அவர்களுக்கு மாமனார் சுயம்புலிங்கம் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியும் சுகம். என் வயிற்றில் மட்டும் கொஞ்சம் சிராய்ப்பு, காரணம் பின்னால் வரும். மஸ்கட்டில் நீங்களும் அஞ்சுவும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். தபால் வந்து சேர நாளாகும் என்பதால், எங்கள் குழுவில் வரைபடம் போடும் ஆதிரா இதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். தயவுசெய்து வாயால் பதில் சொல்லுங்கள். எதைக் கேட்டாலும் நீங்கள் அனுப்புகிற கட்டைவிரல் சம்மதமா, 'பார்த்துவிட்டேன்' என்பதா என்று இந்தத் தமிழாசிரியனுக்கு இன்னும் விளங்கவில்லை.

நாங்கள் சிலர் சேர்ந்து கால்வாயோரச் சானல்கரைகளையும் பழைய வரப்புகளையும் இணைத்து, பேச்சிப்பாறை வரைக்கும் நடைபாதை திருத்தி வருவது தெரிந்ததே. புல் வெட்டி, கல் பொறுக்கி, மஞ்சள் அம்பு வரைந்து எல்லாம் முடிந்தது. இரண்டு பாதைகள் மட்டும் சண்டை போட்ட சம்பந்திகளைப் போல (நம் குடும்பத்தைச் சொல்லவில்லை) சேராமல் நிற்கின்றன. நடுவில் இருப்பது ஆபேலின் வாழைவிளை, அந்தத் தோட்டத்தையொட்டி உங்கள் விளை. ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் நடக்க வருகிறார்கள். "முழு வழியும் தயார்" என்று மைக்கில் சொன்ன வாய் என்னுடையது.

ஆபேலிடம் போய் ஓர் ஒற்றையடிப்பாதை கேட்டேன். "அதுக்கென்ன சாரே, எடுத்துக்கிடுங்க" என்றார். மறுநாள் போய்ப் பார்த்தால், மனிதர் டேப் பிடித்து அளந்து, சரியாக ஓர் அடி விட்டு, இருபுறமும் கம்பிவேலி போட்டிருக்கிறார்! ஆதிரா நண்டு போலப் பக்கவாட்டில் நடந்து அக்கரை சேர்ந்துவிட்டாள், தலைவர் சும்மா நிற்கலாமா என்று நானும் நுழைந்தேன், பாதி வழியில் வயிறு கிழக்குக் கம்பியிலும் முதுகு மேற்குக் கம்பியிலும் மாட்டிக்கிட்டு, வேட்டி முன்னேயும் வரல்ல பின்னேயும் வரல்ல, அந்த நேரம் பார்த்தா எறும்பு ஏறணும், ஆபேல் வேற பாதை முடியிற இடத்துல கருக்கு, அதான் இளநி, விக்கக் கடை போட்டுட்டு, "வாங்க சாரே, ஒரு கருக்கு குடிச்சிட்டுப் போங்க"ங்கிறாரு, குடிச்சா இருக்கிற வயிறும் பெருத்து நான் அங்கேயே நின்னு குலை தள்ள வேண்டியதுதான்!

"ஆபேலே, ஒரு அடிக்குள்ள மனுசன் போவானா?"

"நீங்க கேட்டது ஒத்தையடி தானே சாரே?"

"ஆசிரியப்பாவுக்கே குறைஞ்சது மூணு அடி வேணும். நான் ஆசிரியனே! மூணு அடி தாரும்."

"மூணு அடி கேட்டு வந்தவன் கடைசியில தலையில காலு வச்ச கதை சர்ச்சுக்குப் போற வேதக்காரனுக்கும் தெரியும். ஓணத்துக்கு நானும் பாயசம் குடிக்கேன்லா!"

உங்கள் மாமி செல்லக்கனிதான் வந்து பின்பக்கமாக இழுத்து மீட்டாள். "ஊருக்கு வழி போடுகாராம்! வேலிக்கு முட்டு குடுத்துக்கிட்டு நிக்காரு" என்று சானல்கரை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

ஆகவே மருமகனே, உங்கள் விளையின் ஓரமாக மூன்றடி தர வேண்டும். நீங்கள் ஆசையாகக் கட்டிய புது மதிலில் ஒரு சின்னத் திறப்பு, அவ்வளவுதான். உதாரணத்துக்கு, பொத்தான் துளை இருப்பதால் சட்டை கெட்டுவிடுகிறதா? உங்கள் வாயால் 'சரி' என்று வரும்வரை ஒரு செங்கல்லும் அசையாது. இது வாத்தியார் வாக்கு. (பக்கத்தில் ஏதோ இடிச்சத்தம் கேட்கிறது. மலைப்பக்கம் மழை போலும்.)

நீங்கள் கால் வைக்கிற வழியெல்லாம் முள்ளில்லாமல் இருக்கட்டும். பேத்திக்கு முத்தம்.

அன்புடன்,
சுயம்புலிங்கம்

பி.கு.: அது மழை இல்லை. நான் இரண்டாம் பக்கம் எழுதும்போதே ஆதிரா முதல் பக்கத்தை உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். நீங்கள் கட்டைவிரல் அனுப்பினீர்களாம். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எங்கள் குழுப் பையன்கள் கடப்பாரையோடு போய்விட்டார்கள். உங்கள் மதிலில் இப்போது ஆனை நுழையலாம். ஆட்கள் உங்கள் விளை வழியே போனால் தன் கடை படுத்துவிடும் என்று ஆபேல் அலறிக்கொண்டு வந்து இரண்டு வேலியையும் தானே பிடுங்கிப் போட்டார். வழி கிடைத்துவிட்டது, ஆகவே உங்கள் விளை வேண்டாம், மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். மதிலை மட்டும் அடைக்க வேண்டாம் என்கிறாள் மாமி. நம் வீட்டிலிருந்து கருக்குக் கடைக்கு அதுதான் குறுக்குவழியாம். சம்மதமா? விரலைக் காட்டாதீர்கள்.